மொட்டைக்குப் பழனி, பிறகு கொடைக்கானல்: மூன்று ராத்திரிக்குக் கட்டுத்தரையை யார் பார்ப்பது?

காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே, கிளுவை வேலிக்குள் கொறங்காடும் (மேய்ச்சலுக்கென்று விட்ட மானாவாரி நிலம்) கிணற்றடியில் கொஞ்சம் தீவனப் புல்லுமாக வாழும் தோட்டத்து வீடுகள் நிறைய உண்டு. அவற்றில் பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டுக்குள் வைத்து இந்த ஆய்வை எழுதுகிறோம். நான்கு நாள், மூன்று ராத்திரி வெளியூர்ப் பயணம். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பி வரும்போது ஒரு மாட்டின் மடியும் கெட்டிருக்கக் கூடாது, பட்டியில் ஓர் ஆடும் குறைந்திருக்கக் கூடாது.

வீட்டில் கணவன், மனைவி, கணவனின் தாயார், 6 வயதில் ஒரு பையன், மூன்றாவது வயது நடக்கும் ஒரு பெண் குழந்தை. மாடு கட்டும் கட்டுத்தரையில் இரண்டு ஜெர்சி கலப்பினக் கறவைகள், 6 மாதக் கிடாரிக் கன்று ஒன்று. கொறங்காட்டில் 20 மேச்சேரிச் செம்மறி. 12 நாட்டுக்கோழி, ஒரு நாய். சின்னவளுக்குப் பழனியில் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். அப்படியே மேலே கொடைக்கானல் போய்ப் பிள்ளைகளுக்குக் குளிரைக் காட்டிவிட்டு வர வேண்டும்.

இந்த வீட்டின் சிக்கல் அந்த மொட்டையில்தான் தொடங்குகிறது. சாதாரண நாளில் இவர்கள் வெளியே போனால் மனைவியின் தம்பி வந்து மாட்டைப் பார்த்துக்கொள்வார். காது குத்துக்குக் குழந்தை உட்கார வேண்டியதே அவர் மடியில்தான். பாட்டி வராமல் மொட்டை இல்லை. பங்காளிகளும் கிளம்பிவிடுவார்கள். குடும்பம் முழுக்க ஒன்றாகப் போகும் பயணத்தில், நம்பி விட்டுப்போகக்கூடிய கைகள் எல்லாமே வண்டிக்குள் இருக்கும். வெளி ஆளைப் பழக்கியாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கிறது. அதற்குள் தேதி குறித்து, மண்டபம் சொல்லி, காரும் பேசி முடித்திருப்பார்கள்.

முந்தைய தடவை ஒரே ராத்திரியில் திரும்பியது ஏன்

போன ஆண்டு இதே பயணம் பழனி அடிவாரத்தோடு நின்றுபோனது. அன்றைக்குப் பெரிய மாடு நாளுக்கு 11 லிட்டர் கறந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொள்ள வந்தவர் நல்ல உழைப்பாளி, மாட்டுப் பழக்கம் உள்ளவர். ஆனால் அந்த மாட்டின் மடியில் அதுவரை கை வைத்ததில்லை. சாயங்காலம் 5 லிட்டர் வர வேண்டிய இடத்தில் ஒன்றரை லிட்டர்தான் வந்தது. காலையில் பின்காம்பு ஒன்று கல் மாதிரி இறுகி, தொட்டால் சுட்டது. இது போதாதென்று, மாடு சோர்ந்திருக்கிறதே என்று இரக்கப்பட்டு ஒரு சட்டி சோறும் கஞ்சியும் வைத்துவிட்டார். மத்தியானம் மாடு அசை போடுவதை நிறுத்திவிட்டது.

இரண்டும் வேறு வேறு கோளாறுகள். பால் வராததற்குக் காரணம் மாட்டின் பிடிவாதம் என்று பலரும் நினைக்கிறார்கள். பழகிய ஆள், பழகிய ஓசை, கன்று முட்டுவது, மடி கழுவுவது இவையெல்லாம் சேர்ந்தால்தான் மாட்டின் உடம்பில் ஆக்ஸிடோசின் சுரந்து பால் இறங்கும். இறங்கிய பாலை 5 முதல் 7 நிமிடத்துக்குள் கறந்துவிட வேண்டும். புது ஆளைப் பார்த்து மிரண்டால் அட்ரினலின் சுரந்து அந்த வேலையைத் தடுத்துவிடும். அதன் பிறகு எவ்வளவு இழுத்தாலும் காம்பு புண்ணாவதுதான் மிச்சம். மடியில் தேங்கிய பால் கிருமிக்குச் சாப்பாடு. மடிநோய் வருவதற்கு ஒரு ராத்திரி போதும்.

இப்படிப் பால் இறங்காத நேரத்தில் சிலர் ஆக்ஸிடோசின் ஊசியைத் தேடுவார்கள். அதைச் செய்யவே கூடாது. பால் சுரக்க வைக்கும் ஊசியை 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. அடுத்தடுத்து ஊசி இல்லாமல் இறங்காத மாடாகவும் அது மாறிவிடும்.

சோற்றுக் கோளாறு வேறு. அரிசி, கஞ்சி போன்ற மாவுப் பொருள் திடீரென்று நிறையப் போனால் முதல் வயிற்றில் அமிலம் ஏறும். தட்டும் புல்லும் செரிக்கும் நுண்ணுயிர்கள் அங்கே செத்துவிடும். பொங்கல், கல்யாண நாட்களுக்கு அடுத்த நாள் கால்நடை மருந்தகங்களில் கூட்டம் சேர்வது இதனால்தான். அன்பாக வைக்கும் ஒரு வாளிக் கஞ்சி, வேலியைத் திறந்துவிட்டுப் போவதைவிடப் பெரிய கேடு செய்யும்.

ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போட்டார்கள். அந்த நாட்களிலும், மருந்து பாலிலிருந்து நீங்க மருத்துவர் சொல்லும் கழிவுக் காலத்திலும் பாலைக் கூட்டுறவுப் பால் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. அந்தக் காம்பு மீண்டும் பழைய அளவு கறக்கவே இல்லை.

இதைப் பார்த்து "மாடு வைத்திருந்தால் எங்கேயும் போக முடியாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் சின்னதாக இருக்கும் அந்த ஆறேழு ஆண்டுகள் அப்படியே கழிந்துவிடுகின்றன. எங்கள் கணிப்பு வேறு. கட்டுத்தரை வேலையில் பத்தில் எட்டுப் பங்கு யாராலும் செய்யக்கூடியது. மீதி இரண்டு பங்கு ஒருத்தி கையில் மட்டுமே இருக்கிறது. அவள்தான் அந்தப் பிள்ளைகளின் அம்மா. அவள் கைக்கு விடுப்புக் கிடைக்க வழி செய்தால் வண்டி கிளம்பும்.

தேதியை மாட்டிடம் கேட்க வேண்டும்

பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை. அதற்குள் எந்த நான்கு நாள் என்பதை, மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதி எழுதிய அட்டைதான் சொல்லும்.

பெரிய மாட்டுக்குச் செப்டம்பர் 25 அன்று ஊசி போட்டுச் சினை பிடித்தது. சராசரி சினைக்காலம் 280 நாள். கன்று ஈனும் நாள் ஜூலை 2-ஐ ஒட்டி வரும். அதற்குச் சுமார் 60 நாளுக்கு முன், அதாவது மே முதல் நாளோடு கறப்பதை நிறுத்திப் பாலை வற்றவிட வேண்டும். வற்றுக்காலத்தில் அந்த மாட்டுக்குக் கறவை வேலை இல்லை, தீனியும் தண்ணீரும் நிழலும் போதும். அதனால் மே மாதம் நடுப்பகுதி நல்ல வாய்ப்பு. வற்றவிட்ட முதல் இரண்டு வாரத்துக்குள் கிளம்பக் கூடாது; மடி வீங்கி வடிவதும், நோய் பிடித்தால் தெரிவதும் அந்த நாட்களில்தான். ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரமும் ஆகாது. நடுவில் மே 16 முதல் ஜூன் 10 வரை இடைவெளி கிடைக்கிறது. இவர்கள் மே 18 காலை கிளம்பி மே 21 மத்தியானம் திரும்புவது என்று வைத்தார்கள்.

வற்றவிடும் முறையைப் பலர் தப்பாகச் செய்கிறார்கள். ஒரு வேளை கறந்து, ஒரு வேளை விட்டு, பிறகு இரண்டு நாளுக்கு ஒரு தடவை என்று மூன்று வாரம் இழுப்பார்கள். கறக்கும் அளவு நாளுக்கு 5 லிட்டருக்குக் கீழே வந்துவிட்டால் இது தேவையில்லை. நான்கைந்து நாள் அடர்தீவனத்தையும் பசும்புல்லையும் குறைத்து, ஒரு நாள் சுத்தமாகக் கறந்து முடித்து, அதோடு நிறுத்திவிடலாம். கடைசிக் கறவைக்குப் பின் நான்கு காம்பிலும் வற்றுக்கால மருந்துக் குழலை மருத்துவரைக் கொண்டு ஏற்றிவிட வேண்டும். முதல் மூன்று நாள் மடி விம்மிக்கொண்டு நிற்கும். பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று கொஞ்சம் கறந்துவிட்டால் மறுபடி சுரந்து எல்லாம் வீணாகும். நான்கு காம்பும் ஒரே மாதிரி விம்மினால் கவலையில்லை. ஒன்று மட்டும் சூடாகச் சிவந்தால்தான் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இரண்டாவது மாடு நவம்பரில் ஈன்றது. மே மாதத்தில் காலை 4, மாலை 3, ஆக 7 லிட்டர். இதைக் கறந்தாக வேண்டும். "கன்றை அவிழ்த்துவிட்டுப் போங்க, அது குடிச்சுக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. 3 லிட்டர் கறக்கும் மாட்டுக்கும், நன்றாக வளர்ந்த கன்றுக்கும் அது ஒத்துவரும். 7 லிட்டரைக் கன்று முழுக்கக் குடித்தால் கழிச்சல், குடிக்காவிட்டால் மடியில் தேக்கம். காங்கயம் நாட்டு மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் பாடு குறைவு. கன்று இல்லாமல் பால் விடாத மாடுதான் அது. ஆனால் கறப்பது கொஞ்சம் என்பதால் மூன்று நாள் கன்றுக்கே விட்டுவிடலாம்.

செம்மறிக்கும் இதே கணக்கு உண்டு. ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். மே 20 வாக்கில் குட்டி விழக் கூடாது என்றால் டிசம்பர் 10 முதல் ஜனவரி 5 வரை கிடாவைத் தனியே கட்டியிருக்க வேண்டும். கோழி அடைக்கு 21 நாள். ஏப்ரல் 20-க்கும் மே 4-க்கும் இடையில் அடை வைத்தால் குஞ்சு மே 11-க்கும் 25-க்கும் நடுவே பொரியும். அந்த இடைவெளியில் அடை வைக்காமல் இருப்பது நல்லது. முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் கோழியால் தொந்தரவில்லை. பொரித்த முதல் வாரக் குஞ்சுதான் பருந்துக்கும் கீரிக்கும் போகும்.

தடுப்பூசியையும் கடைசி வாரத்துக்குத் தள்ளக் கூடாது. கோமாரி ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் காய்ச்சல் இருக்கும், பால் குறையும். எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். ஏப்ரலிலேயே முடித்துவிட வேண்டும்.

அந்த ஒரு கை

மாற்றுக் கைக்கு இவர்கள் தேர்ந்தது பக்கத்துத் தோட்டத்து அக்காவை. தன் வீட்டில் ஒரு கறவை வைத்திருப்பவர். அதே சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவர். கூலிக்கு வலுவான ஆள் வேறு கிடைத்தாலும், தினமும் தானே கறக்கும் கைதான் வேண்டும். தூக்குவது, வெட்டுவது, பட்டி அடைப்பது போன்றவற்றுக்கு இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம்.

பழக்குவதற்கு எட்டு நாள் எடுத்தார்கள். முதல் இரண்டு நாள் அந்த அக்கா தீவனம் மட்டும் வைத்தார், கழுத்தையும் தாடையையும் தடவிக் கொடுத்தார். மூன்றாம் நாளிலிருந்து அவர் கறக்க, வீட்டம்மா தலைமாட்டில் நின்றார். ஆறாம், ஏழாம் நாள் வீட்டம்மா கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருந்தார். எட்டாம் நாள் தோட்டத்திலேயே இல்லை. தேறியதா என்பதைச் சொசைட்டிச் சீட்டில் பார்த்தார்கள். நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் குறைந்தால் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதனால் அளவு சரியாக இருந்தும் கொழுப்பு விழுந்தால், கடைசிப் பாலை மடியில் விட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். சீட்டில் இருக்கும் அந்த இரண்டு எண்கள் யார் வாய்ச்சொல்லையும்விட நம்பத்தக்கவை.

கிளம்பும் நாள் காலைக் கறவையையும் வீட்டம்மா கறக்கவில்லை. இதை நாங்கள் வலியுறுத்திச் சொல்கிறோம். "கடைசியா ஒரு வேளை நானே கறந்துட்டுப் போறேன்" என்று உட்கார்ந்தால் கிளம்பும் நேரமும் போகும், பிள்ளைகளும் அழுவார்கள். மாற்றுக் கை தடுமாறுவது தெரிய வேண்டிய வேளையும் நழுவிவிடும். அன்று காலை தடுமாறினால் வண்டி இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

முதல் ராத்திரியைக் கொடைக்கானலில் வைக்காமல் பழனியில் வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். ஆபத்தான கறவை முதல் நாள் சாயங்காலக் கறவை. பழனியிலிருந்து தாராபுரம் வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் கட்டுத்தரைக்கு வந்துவிடலாம். கொடைக்கானலிலிருந்து இருட்டில் மலையிறங்கி வருவதற்கு அதுபோல் இரண்டு மடங்கு ஆகும்.

கூலியை முன்னாலேயே பேசிவிட்டார்கள். ஆறு வேளைப் பால், சுமார் 21 லிட்டர், அந்த அக்காவுக்கே. அதற்கு மேல் ஊரில் நடக்கும் நாள் கூலி. அவர் வீட்டு விசேஷத்துக்கு இவர்கள் போய்க் கறந்து கொடுப்பது என்றும் பேச்சு. மொய் நோட்டில் எழுதுவதைப் போலவே இதையும் கணக்கில் வைத்துத் திருப்பிச் செய்தால்தான் அடுத்த தடவை கேட்க முடியும்.

தீனியும் தண்ணீரும்

அளந்து வைத்துவிட்டுப் போனால் தவறு பாதியாகக் குறையும். கறவை மாட்டுக்கு உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று நாளுக்குச் சுமார் 4 கிலோ அடர்தீவனம். வேளைக்கு 2 கிலோ. வற்றிய சினை மாட்டுக்கு நாளுக்கு 2 கிலோ, வேளைக்கு ஒன்று. ஆறு வேளைக்கும் பன்னிரண்டு பைகள் கட்டி, கறவைக்குச் சிவப்புக் கயிறு, சினை மாட்டுக்குப் பச்சைக் கயிறு என்று அடையாளம் போட்டு, எலி போகாத பீப்பாயில் வைத்தார்கள். தாது உப்பு 50 கிராம் காலைப் பையிலேயே கலந்திருக்கும். பையில் இல்லாத எதையும் மாட்டுக்கு வைக்கக் கூடாது. கஞ்சி, சோறு, பழத்தோல், பக்கத்து வீட்டு விருந்து மிச்சம் எதுவும் வேண்டாம்.

பசும்புல்லை நான்கு நாளுக்குச் சேர்த்து வெட்டி வைப்பது பெரிய தப்பு. நறுக்கிக் குவித்த புல் ஒரே நாளில் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த சோளத்தட்டை முன்கூட்டியே நறுக்கிச் சாக்குகளில் வைக்கலாம், கெடாது. பயண நாட்களில் தட்டு கூடும், புல் குறையும் என்றால் அந்த மாற்றத்தையும் பத்து நாளுக்கு முன்னாலேயே தொடங்கிவிட வேண்டும். முதல் வயிற்றின் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும். புல் நறுக்கும் எந்திரத்தின் ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. பழகாத கைக்கு அது வேண்டாம்.

மே மாதத்தில் ஒரு தனி ஆபத்து உண்டு. கோடை மழை ஒன்று பெய்தால், சோளம் வெட்டிய காட்டில் மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து தழையும் பயிர்) பச்சைப்பசேலென்று கிளம்பும். பார்ப்பவருக்கு நல்ல தீனியாகத் தெரியும். அந்த இளம் பயிரிலும், வாடிய சோளப் பயிரிலும், மரவள்ளித் தழையிலும் சயனைடு நஞ்சு சேர்ந்திருக்கும். மேய்ந்த சிறிது நேரத்தில் மாடு மூச்சு வாங்கி, நடுங்கி விழும். மருத்துவர் நரம்பில் ஏற்றும் மாற்று மருந்து ஒன்றுதான் வழி, பல நேரம் அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மேய்ச்சலுக்கு எங்கே விடலாம் என்று சொன்னால் போதாது. எந்தக் காட்டில் காலே வைக்கக் கூடாது என்பதை அந்தக் காட்டுக்கே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு இப்படி வந்தது: கறவைக்கு 90 லிட்டர், வற்றிய மாட்டுக்கு 55, கன்றுக்கு 15, ஆடுகளுக்கு 100, கோழி, நாயையும் சேர்த்தால் நாளுக்கு 270 லிட்டருக்குள். 1,000 லிட்டர் டேங்க்கை நிரப்பிவிட்டுப் போனால் மோட்டாரே எரிந்தாலும் மூன்றரை நாள் ஓடும். டேங்க்கிலிருந்து தொட்டிக்கு வரும் மிதவை வால்வுதான் பலவீனம். பாசி அடைத்தால் தண்ணீர் வராது. கன்று முட்டி உடைத்தால் டேங்க்கே வடிந்துவிடும். அதற்கு ஒரு பலகை மூடியும், பக்கத்தில் கையால் திறக்கும் குழாய் ஒன்றும் வேண்டும். தொட்டி நிழலில் இருக்கட்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் கொதித்த தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பும், பால் குறையும்.

பகலில் தகரக் கொட்டகையை விட வேப்பமர நிழல் நல்லது. ஆனால் மேகம் கறுத்து இடி கேட்டதும் மரத்தடியிலிருந்து அவிழ்த்து உள்ளே கட்டிவிட வேண்டும்.

பட்டி

கொறங்காட்டின் அருமை இந்த மாதிரி நாட்களில்தான் தெரியும். கிளுவை வேலிக்குள் ஆடு தானே மேயும், மேய்ப்பவர் வேண்டாம். மே மாதத்தில் கொளுக்கட்டைப்புல் காய்ந்திருந்தாலும் வெள்வேலங்காய் விழும். காலையில் திறந்துவிட்டு, சாயங்காலம் எண்ணி அடைத்தால் போதும்.

கவலை ராத்திரிதான். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலைப் பக்கங்களில் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவதும், அதற்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடுவதும் கடந்த சில ஆண்டுகளாகத் தொடர்கிற துயரம். நாய் மேலே தாண்டுவதை விடக் கீழே தோண்டி நுழைவதே அதிகம். ஐந்தரை அடிக் கம்பி வலையின் அடியை அரை அடி மண்ணுக்குள் புதைத்து, மேலே கல் அடுக்க வேண்டும். பட்டியருகே ஒரு விளக்கும், அந்த மூன்று ராத்திரி அங்கேயே கட்டில் போட்டுப் படுக்கும் ஓர் ஆளும் வேண்டும். இந்தச் செலவைக் குறைக்கப் பார்க்கக் கூடாது. வீட்டு நாயைக் கட்டிப்போட வேண்டாம். சோறு வைக்கும் கையை ஒரு வாரத்துக்கு முன்னாலேயே மாற்றிவிட்டால் அது ஆளைத் தேடி ரோட்டுக்கு ஓடாது.

சுவரில் ஒட்டிய தாள்

கட்டுத்தரைச் சுவரில் ஒரே ஒரு தாள், பெரிய எழுத்தில். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"காலை 5.30 கறவை, மாலை 4.30 கறவை. முதல் இரண்டு பீச்சைக் கறுப்புக் கிண்ணத்தில் பார்க்கவும். திரி திரியாக வந்தால் உடனே போன். சிவப்புக் கயிறு கறவை, பச்சைக் கயிறு சினை. ஆடு 20, எண்ணி அடைக்கவும். கறவை மாடு 18-இலிருந்து 21-க்குள் கத்தலாம், கண்ணாடி வழும்பு அடிக்கலாம். காலையில் கண்டால் சாயங்காலம் ஊசி, ஊசிக்காரர் நம்பர் கீழே. வயிறு இடது பக்கம் உப்பினால் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், மாட்டை நிற்க வைத்து 1962 கூப்பிடவும். எது செத்தாலும் புதைக்க வேண்டாம், காது வில்லையை அறுக்க வேண்டாம்."

கடைசி வரி பலருக்கும் உறுத்தும், ஆனாலும் எழுத வேண்டும். மாட்டின் அடையாள எண் உள்ள காது வில்லையோடு எடுத்த படமும் மருத்துவரின் பிரேதப் பரிசோதனையும் இல்லாவிட்டால் காப்பீட்டுப் பணம் வராது. வாயில் ஊற்ற வேண்டாம் என்பதும் வீண் எச்சரிக்கை இல்லை. எண்ணெய் ஊற்றத் தெரியாத கை தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். உப்புசத்தில் பிழைக்க வேண்டிய மாடு அதில் போகும். 1962 என்பது தமிழ்நாட்டில் கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கும் எண்.

சினைப் பருவம் பற்றிய வரி இந்த வீட்டுக்கென்று வந்தது. கறவை மாட்டுக்கு ஏப்ரல் 27-இல் ஊசி போட்டிருந்தார்கள். சினை நிற்காவிட்டால் 21 நாள் கழித்து, சரியாகக் கிளம்பும் மே 18-ஐ ஒட்டி, மறுபடி பருவத்துக்கு வரும். சொல்லாமல் போயிருந்தால் "மாடு ராத்திரியெல்லாம் கத்துச்சுங்க, உங்களைத் தேடுது போல" என்ற சேதியோடு இன்னொரு 21 நாள் போயிருக்கும்.

போனில் கேட்பதற்கும் முறை இருக்கிறது. "மாடு நல்லாருக்குதுங்களா அக்கா?" என்று கேட்டால் "நல்லாருக்குதும்மா, நீ பிள்ளைகளப் பாரு" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை, நம் மனசு நோகக் கூடாதென்று சொல்கிறார். "படுத்துட்டு அசை போடுதுங்களா? சாணி கட்டியா தண்ணியா? தொட்டியில தண்ணி எந்தக் கோடு வரைக்கும் இருக்குது?" என்று கேட்க வேண்டும். காலை 7 மணிக்கு மடி, சாணி, தொட்டி மூன்றுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு படம், மாலை எண்ணி அடைத்த பட்டிக்கு ஒரு படம். அதற்கு மேல் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாமல் இருப்பது வீட்டம்மாவுக்கும் நல்லது.

வண்டிக்குள்

தோட்டத்துப் பிள்ளைகள் வெளியூரில் முதலில் மறுப்பது பாக்கெட் பாலை. வீட்டு மாட்டுப் பாலின் மணத்துக்குப் பழகிய சின்னவள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளிவிடுவாள். மாட்டைப் புது ஆளுக்குப் பழக்கியதைப் போலவே இதையும் பத்து நாளுக்கு முன் தொடங்க வேண்டும். முதலில் கால் பாகம் பாக்கெட் பால், பிறகு பாதி, பிறகு முழுசு. வீட்டுப் பாலைக் காய்ச்சி ஃபிளாஸ்க்கில் எடுத்துப்போவது நல்ல யோசனையாகத் தெரியும். மே மாத வெயிலில் காரில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் பால்தான் கிருமிக்கு மிகப் பிடித்த இடம். நான்கு மணி நேரத்தில் கெட்டுவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றியது முதல் ஒரு வேளைக்கு மட்டும் ஆகும்.

பழனியில் மொட்டை அடுத்த நாள் அதிகாலையில். 9 மணிக்கு மேல் மலைமேல் கல்தளம் வெறுங்காலைச் சுடும். ரோப் காரைக் காற்று பலமானால் நிறுத்துவார்கள், விஞ்ச் ரயில் வரிசை நீளும். சின்னதைத் தூக்கிக்கொள்ள இரண்டு பேர் மாற்றி மாற்றி வேண்டும். காது குத்தி, மத்தியானத் தூக்கம் முடிந்தபின் மலையேறினால், வளைவுகளில் வாந்தி வராமலிருக்க ஏறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பால் கொடுக்காமல் இருப்பது உதவும். மொட்டைத் தலைக்குக் குல்லா ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். காங்கயத்து வெயிலிலிருந்து போகும் குழந்தைக்குக் கொடைக்கானல் ராத்திரி சட்டென்று குளிரும்.

கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போக, சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். அதில் தேதி போட்டாக வேண்டும். வற்றவிட்ட மாட்டின் மடி வடிந்ததைப் பார்த்த பிறகே இந்த வீடு அதைப் பதிவு செய்தது. வார நடுவில் போவதால் நெரிசலும் குறைந்தது. அங்கே குதிரையைத் தொட்ட கையைப் பையன் கழுவ வேண்டும். வீட்டுக்குத் திரும்பியதும் பயணச் செருப்போடு யாரும் கட்டுத்தரைக்குள் போகக் கூடாது. கோமாரி செருப்பிலும் ஏறி வரும்.

திரும்பிய பின்

மே 21 மத்தியானம் 2 மணிக்கு வந்து சேர்ந்தார்கள். வெளிச்சத்தில், பார்த்துக்கொண்டவர் அருகில் இருக்கும்போதே ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு வந்தால் எண்ணவும் முடியாது, கேட்கவும் முடியாது. மாலைக் கறவையில் வீட்டம்மாவும் அந்த அக்காவும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். மூன்று நாளில் பால் அரை லிட்டர் குறைந்திருந்தது. ஒரு வாரத்தில் ஏறிவிட்டது. மடிநோய் மெல்லத் தலைகாட்டலாம் என்பதால் அடுத்த பத்து நாள் கறுப்புக் கிண்ணச் சோதனையை விடவில்லை. ஆடு 20 சரி. கோழி ஒன்று குறைந்திருந்தது, இறக்கை கிடந்த இடத்தைப் பார்த்தால் கீரி. கறவை மாடு பருவத்துக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சினைப் பரிசோதனை செய்ய அட்டையில் தேதி எழுதப்பட்டது.

பெரிய மாடு ஜூலை 2-ஐ ஒட்டி ஈன்றால், 85 நாள் கழித்து மறுபடி செப்டம்பர் 25 வாக்கில் ஊசி போடலாம். 280-உம் 85-உம் 365. முதல் ஊசியிலேயே நின்றால் அடுத்த ஆண்டின் வற்றுக்காலமும் மே மாதத்திலேயே விழும். ஒரு தடவை தவறினால் 21 நாள் தள்ளிப்போகும். வற்றவிட்ட இரண்டு வாரமும் கழிய ஜூன் முதல் வாரம் ஆகிவிடும், விடுமுறை அநேகமாக முடிந்திருக்கும். இரண்டு தடவை தவறினால் பள்ளி திறந்துவிடும். அந்த ஆண்டுக்குக் காலாண்டு விடுமுறையில், இன்னொரு மாட்டின் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டுதான் தேதி பார்க்க வேண்டும்.